நாலு மணிக் கெடு

"முடிச்சை அவுக்க முடியாதுங்க. அப்படியே மாத்திக் குடுங்க."

குப்பண்ணன் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றைக் கவுண்டருக்குள் தள்ளினார். கேஷியர் பின்சி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"ரெண்டாயிரம் நோட்டு, அஞ்சுங்க."

"எண்ணிப் பாக்காம எப்படி மாத்தறது?"

"நான் எண்ணித்தானுங்க முடிஞ்சேன். என்ற மேல நம்பிக்கை இல்லீங்களா?"

கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் அந்த பேங்குக்குள் அன்று நிற்க இடமில்லை. ரெண்டாயிரம் ரூபாய் நோட்டை மாற்றக் கடைசி நாள். பின்னால் நின்ற நல்லமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்ண்ணா, அவுத்துக் குடுத்துட்டு நகருங்களேன். உள்ளே என்ன கருப்புப் பணமா வெச்சிருக்கீங்க?"

"மாரியாத்தாளுக்கு முடிஞ்சதப்பா. கற்பகம் அவ காலால நடந்து வந்து ஆத்தா முன்னால நின்னாத்தான் அவுக்கோணும். அதுக்கு முன்னாடி அவுத்தா அவ காலுக்கு ஆகாது."

"அப்ப நடந்து வந்தப்புறம் அவுத்து உண்டியல்ல போடுங்க. பேங்குக்கு எதுக்கு வந்தீங்க?"

"இன்னிக்கு விட்டா செல்லாதுங்கறாங்களே! செல்லாத நோட்டையா ஆத்தாளுக்குக் குடுக்கறது?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். எடை போட்டால் தெரிந்துவிடும் என்றார் இன்னொருவர். பால் சொசைட்டித் தராசைக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் கிளம்பியே விட்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் கோபிநாத் அறையிலிருந்து சிரித்தபடி வெளியே வந்தார். பாலக்காட்டு டவுன்காரர், மலையாளி. இந்த ஊருக்கு வந்து தமிழ் நன்றாகவே பழகிவிட்டது.

"சேட்டா, பதறாதீங்க. எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும்…" என்று ஆரம்பித்தவர் மஞ்சள் முடிச்சைப் பார்த்து நிறுத்தினார். "இது என்ன? யாரு கற்பகம்?"

"என்ற சம்சாரமுங்க. மாடு தள்ளிவிட்டு இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆபரேசன் ஆச்சு. எல்லாம் கூடிருச்சு, இனி நடந்தே ஆகோணும், இப்படியே படுத்துக் கெடந்தா அப்புறம் எந்திரிக்கவே முடியாதுன்னு டாக்டரு சத்தம் போடறாருங்க. அவ பயந்துக்கிட்டு, நாளைக்கு நடக்கறேன், நாளைக்கு நடக்கறேன்னு கட்டிலை விட்டு எறங்கவே மாட்டீங்கறா."

குப்பண்ணன் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அவ எந்திரிச்சாப் போதும்னுதானுங்க இதை முடிஞ்சேன்."

கோபிநாத் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நியமம்னா நியமம்தான். நாலு மணிக்கு ஷட்டர் இறங்கும். அதுக்குள்ள அவிழ்த்துக் கொண்டுவந்தா நோட்டு. இல்லேன்னா வெறும் காகிதம்."

"ஏதோ சொல்ல வந்தீங்களே சார்?" என்றார் நல்லமுத்து.

"இதைத்தான் சொல்ல வந்தேன். வீட்டுல போய்ச் சொல்லுங்க. நாலு மணி!"

குப்பண்ணன் முடிச்சை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார்.

"மனுசனா இவன்? கல்லு!" என்று வரிசையே மேனேஜரைத் திட்டியது. அவரவர் நோட்டை மாற்றி வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்ட பிறகுதான் திட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஷட்டரை இறக்கப் போகிற நேரம், தெருவில் ஒரே கூச்சல்.

கற்பகம் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் அவிழ்த்த நோட்டுகள். கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருகிறாள் என்பது நெற்றித் திருநீற்றில் தெரிந்தது. பின்னால் பாதித் தெரு வந்தது. மனசு கேட்காத ஆட்டோக்காரர் ஒருவர், "ஏறிக்கங்கக்கா" என்று வண்டியை ஒட்டியே ஓட்டி வர, "ஏத்திராதப்பா! ஏறுனா மறுபடியும் படுத்துக்குவா!" என்று குப்பண்ணன் ஆட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டே வந்தார்.

அடிக்கு ஒரு வசவு விழுந்தது.

"எவண்டா அந்த மேனேசரு? சொசைட்டிக்குப் பாலு ஊத்திச் சேத்த பத்தாயிரத்தைக் காகிதம்னு சொன்னானாமா? அவன் நாக்கு அழுவ! அவன் கண்ணு அவிய!"

நோட்டுகளைக் கவுண்டரில் ஓங்கி வைத்தாள். மஞ்சள் ஏறிய நோட்டை எண்ணும் மெஷின் துப்பியது. பின்சி கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் போட்டாள். மெஷின் மறுபடியும் துப்பியது. கடைசியில் கையாலேயே எண்ணினாள். கோபிநாத் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார்.

"இனி உன்ற பேங்குப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!" என்றாள் கற்பகம்.

வாசலில் ஆட்டோக்காரர் மறுபடியும் வண்டியைக் கதவோரம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்தப் பேங்கு வாசல்ல நிக்கற வண்டியும் எனக்கு வேண்டாம்!"

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கோயில் உண்டியலைப் பார்த்து நடந்தாள். குப்பண்ணன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பின்னால் ஓடினார்.

ஷட்டர் இறங்கியது. உள்ளே பின்சிக்கு மனசு ஆறவில்லை.

"சார், கடைசித் தேதியை இன்னும் ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டாங்கன்னு மத்தியானமே தகவல் வந்திருக்கே, நான் இப்பத்தான் பாக்கறேன்! அதைச் சொல்லத்தானே எழுந்து வெளிய வந்தீங்க? சொல்லியிருந்தா இவ்வளவு வசவு வாங்கியிருக்க வேண்டாமே?"

கோபிநாத் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சத்தம் இன்னும் கேட்டது.

"நோட்டுக்குத்தானே பின்சி அந்த ஒரு வாரம்? சொல்லியிருந்தா, அந்தம்மா அதைக் கட்டிலுக்கும் சேத்து எடுத்துக்கிட்டிருப்பாங்க."