ஆட்சேபனையின் கடைசி வரி

கதிரவெளிக் கடற்கரையின் அரச காணியில் கனியமணல் தோண்டுவதற்கான சுற்றாடல் அறிக்கைக்கு ஆட்சேபனை கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மீனவரான நல்லரத்தினத்துக்கு எழுத வராது. பிரதேச செயலகத்தில், மீன் குறையும், கிணறு உப்பாகும் என்று அவர் சொல்லச் சொல்ல மனைவி சீதேவி எழுதினாள். அவள் மடியில், வரும் வழியில் வாங்கிய சட்டைத் துணி. சுனாமியில் காணாமல்போன மகளை யாரோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று நம்பி, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அளவைக் கூட்டித் தைத்து வைக்கிறவள் அவள். இந்த முறை இருபத்தைந்து வயதுக்கு.

உத்தியோகத்தர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மீனுக்கும் கிணத்துக்கும் அறிக்கையில மறுமொழி இருக்கு ஐயா. சவம் தாட்ட இடமெண்டா மட்டும்தான் கை வைக்க மாட்டாங்க. அப்பிடி ஏதும் இருக்கா?"

"அங்க ஆரத் தாட்ட? வெறும் மணல்தானே," என்றாள் சீதேவி.

நல்லரத்தினம் தாளை வாங்கி மனைவியிடம் கொடுத்தார்.

"எழுது புள்ள. ரெட்டைத் தாழைக்குக் கீழ ஒரு சின்னப் புள்ளையத் தாட்டுக் கிடக்கு."

அவள் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "ஆர்ட புள்ள?"

அவர் துணியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடந்த. என்ட கையாலதான் தாட்டன். கண் முழிச்சதும் அவளத்தான் கேட்ட. காணல்லயெண்டு சொல்லிப்போட்டன். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரல்ல."

உத்தியோகத்தர் தலையைக் குனிந்துகொண்டார். "புள்ளையின்ட வயசையும் போடணும், அம்மா," என்றார் மெதுவாக.

சீதேவி மடியிலிருந்த துணியைத் ஒருமுறை தடவினாள். பிறகு பேனாவை எடுத்து, நாலு என்று எழுதினாள்.