ஒன்பதாவது பாட்டில்

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வாளரைக் கண்டதும் பெட்ரோல் பங்க்காரர் எழுந்து நின்றார். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தோண்டத்தானே வந்திருக்கீங்க? கேட்டைத் திறந்து விட்டுடறேன். எங்க வேணும்னாலும் தோண்டிக்கோங்க சார்."

"தோண்ட வரல," என்றார் ஆய்வாளர். கையிலிருந்த கடிதம் வியர்வையில் நைந்துகொண்டிருந்தது.

பங்க் இரண்டு மாதமாக மூடிக் கிடந்தது. சுற்றுச்சுவரில் யாரோ கரியால் 'விஷக்காரன்' என்று எழுதியிருந்தார்கள். தேய்த்துக் கழுவியும் பாதி எழுத்து போகவில்லை. அந்த வார்த்தைக்கு அடியெடுத்துக் கொடுத்ததே தாம்தான் என்பதை நினைக்க ஆய்வாளருக்கு உடம்பு கூசியது.

எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் புகார் கொடுத்தாள், கிணற்றுத் தண்ணீரில் ஏதோ வாடை என்று. வேறு யாருக்கும் அந்த வாடை தெரியவில்லை. ஆய்வாளர் வந்து பங்கைச் சுற்றி நாலு துளை போட்டார். அவற்றிலிருந்தும் தெருவின் நாலு கிணறுகளிலிருந்தும் எட்டு பாட்டில் தண்ணீர் எடுத்தார். எட்டிலும் பெட்ரோல் இருப்பதாக லேப் சொன்னது.

"உங்க தொட்டியில ஓட்டை! குடிக்கிற தண்ணியில விஷத்தைக் கலந்துட்டீங்க!" தெருவே கூடியிருக்க, நடுவில் நின்று முழங்கினார். பங்கையும் கிணறுகளையும் மூட உத்தரவு போட்டார். கைதட்டினார்கள். அது தமக்குப் பிடித்திருந்தது என்பதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

நேற்று லேப் பெண் கூப்பிட்டிருந்தாள்.

"சார், நீங்க டெஸ்ட் வேண்டாம்னு சொன்ன ஒன்பதாவது பாட்டில். ஒதுக்கி வச்சிருந்ததை இன்னைக்குத்தான் பார்த்தேன். அதுலயும் பெட்ரோல் இருக்கு."

ஒன்பதாவது பாட்டிலில் இருந்தது லேபிலேயே அடைத்துக் கொடுத்த சுத்தமான தண்ணீர். மற்ற பாட்டில்களோடு போய்விட்டு, திறக்காமலே திரும்பி வர வேண்டும். அதில் பெட்ரோல் இருந்தால், பெட்ரோல் மண்ணிலிருந்து வரவில்லை, வழியில் பாட்டில்களில் கலந்தது என்று அர்த்தம்.

"வண்டியில ஏதாவது கொட்டிச்சா சார்?"

கொட்டியது. துளை போடும் மெஷினின் ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல் கேன் சாய்ந்து, பாட்டில் பெட்டி முழுக்க நனைந்தது. பழைய துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஒன்பதாவதையும் சோதித்துவிடலாம் என்று அவள் சொன்னபோது, "அது சும்மா சம்பிரதாயம்மா, நீ ரிப்போர்ட்டை அனுப்பு," என்று அவசரப்படுத்தியதும் அவரேதான்.

எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பங்க்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க ஆய்வாளருக்குத் தெம்பில்லை.

உள்ளறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பங்க்காரரின் மனைவி வெடித்தாள்.

"ரெண்டு மாசம் சார்! என் பொண்ணு ஸ்கூல்ல தனியா உக்காந்து சாப்பிடறா. பக்கத்துல போனா பெட்ரோல் நாறுதாம்! நாங்க யார் குடியைக் கெடுத்தோம்?"

"என்மேலதான் தப்பு."

"எங்கண்ணன் வக்கீல். கேஸ் போடலாம், மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம்னு நடையா நடந்தான். இந்த மனுஷன் ஒரு தாள்லகூடக் கையெழுத்துப் போடல. அப்படியே இடிஞ்சு போயிட்டார்!"

ஆய்வாளர் தலை குனிந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கக்கூடத் திராணியில்லாமல் ஒரு மனிதரை ஆக்கிவிட்டோமே என்று நினைத்தபோது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"உங்க மேல தப்பில்லன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்று கடிதத்தை நீட்டினார். "சாயந்திரம் தெருவைக் கூட்டுங்க. அன்னைக்கு நின்ன அதே இடத்துல நின்னு நானே சொல்றேன். அவங்க என்ன கேட்டாலும் கேட்டுக்கறேன்."

பங்க்காரர் கடிதத்தை வாங்கினார். பிரிக்கவில்லை.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கிணத்தை எல்லாம் திறந்துடலாமா சார்?"

"மூடி வைக்க என்கிட்ட ஒரு காரணமும் இல்லம்மா."

"எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையை வச்சுக்கிட்டு லாரித் தண்ணிக்கு அல்லாடறா. எங்களைத் திட்டினவதான், இருக்கட்டும். முதல்ல அவகிட்டதான் சொல்லப் போறேன். குழந்தைக்காவது நல்ல தண்ணி கிடைக்கட்டும்." செருப்பைக்கூடப் போடாமல் வாசலை நோக்கி ஓடினாள்.

"நில்லு!"

பங்க்காரர் போட்ட சத்தத்தில் அவள் அப்படியே நின்றாள். இரண்டு மாதத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ஆய்வாளரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பு என்னோடதுன்னு வாசல் தேடி வந்து சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல சார். நீங்க இப்படி நிக்கும்போது இதை வாங்கி உள்ள வச்சுக்கிட்டா, நான் மனுஷனே இல்ல."

கடிதத்தைப் பிரிக்காமலே ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார்.

"கிணத்தைத் திறக்காதீங்க. தொட்டி ஒழுகறது எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்."