சுவரோரம் ஒரு டப்பா

ராணுவ முகாமின் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் டப்பாவை வெடிகுண்டு நிபுணர்கள் மூன்று மணி நேரம் பாடுபட்டுத் திறந்தார்கள். உள்ளே ஒரு பென்சிலும் குட்டி நோட்டும் இருந்தன.

நோட்டின் முதல் பக்கத்தில் தன் போன் நம்பரை எழுதியிருந்த கணக்கு டீச்சர், பாதுகாப்பு அதிகாரியின் எதிரே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“இது வெறும் விளையாட்டு சார். டப்பாவை ஒளிச்சு வச்சிட்டு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போடுவோம். போனைப் பார்த்துத் தேடி வர்றவங்க, நோட்டுல தேதி போட்டுக் கையெழுத்து வச்சிட்டு, டப்பாவை இருந்த இடத்துலயே வச்சிடணும்.”

“விளையாட வேற சுவரே கிடைக்கலையாம்மா?” அதிகாரி கொட்டாவியை அடக்கினார். “எட்டு மாசத்துல அறுபத்தோரு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. கேஸ் போட்டா உங்க வேலை போயிடும், தெரியுமில்ல?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளார்க் தடிமனான பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “கேஸ்னா இதையும் சேர்த்து அனுப்பணும் சார். தினமும் சுவரைச் சுத்திப் பார்த்ததுக்கான பதிவேடு.”

அதிகாரி புரட்டினார். எட்டு மாதமாக, ஒரு நாள் விடாமல், ‘சுற்றிப் பார்த்தேன், எதுவும் இல்லை.’ ஒவ்வொன்றின் கீழும் அதிகாரியின் கையெழுத்து.

நீண்ட பெருமூச்சோடு நோட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துட்டுக் கிளம்புங்கம்மா. யோவ் கிளார்க்கு, யாரோ வீசின பழைய டப்பான்னு எழுதி முடிச்சிடு.”

நிஜமாகவே அந்தச் சுவர் வரை நடந்து போனவர்களின் கையெழுத்து, குட்டி நோட்டில் மட்டும்தான் இருந்தது.