மூணு கிலோ நானூறு

ஒரு குழந்தைகள் வார்டின் மூலையில் எடைமெஷின் ஒன்று இருந்தது. முன்பெல்லாம் காலைதோறும் குழந்தைகள் அதன் தட்டில் படுத்துக் கால் உதைக்கும். டாக்டர், நர்ஸ் கைக்கு டேப் என்ற தொடுதிரைக் கணினி வந்தபின் அந்த வேலை போயிற்று. நேற்றைய எடை இன்றைய கட்டத்தில் தானாகவே வந்து நிற்கும். நர்ஸ் 'சரி' என்று தொட்டால் போதும்.

ஏழாம் தொட்டில் குழந்தைக்கு நாலு நாளாக வயிற்றுப்போக்கு. எடைமெஷினுக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, அதோட விலா எலும்பை எண்ணிடலாம் போலிருக்கே. ஒரு தடவை என் மேல படுக்க வைக்கச் சொல்லேன்."

"மூணு கிலோ நானூறு. இம்மி குறையலை," என்றது டேப். "தூசி தட்டக்கூட ஆளில்லாத உமக்கு ஏன் பெரியவரே இந்தப் பொறாமை?"

"கண்ணால பாருப்பா!"

"எனக்கு எழுதினதுதான் தெரியும்."

டாக்டர் டேப்பைப் பார்த்தார். "வெயிட் குறையலைம்மா, பயப்படாதீங்க," என்றார். குழந்தையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை குழந்தையைத் துணியில் சுற்றி, முகத்தையும் மூடி எடுத்துப் போனார்கள். நர்ஸ் பழக்கதோஷத்தில் 'சரி' என்று தொட்டாள்.

"ஏழாம் தொட்டில்," என்றது டேப். "மூணு கிலோ நானூறு. இம்மி குறையலை."