எந்த வீட்டுக் கால்

"அவன் ரெண்டு காலையும் உடைச்சிடுங்க, டாக்டர். இன்னைக்கே."

ஒகேச்சி இதைச் சொன்னதும் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். குழந்தையின் பெரியப்பா முன்னால் 'சிகிச்சை' என்று மட்டும் சொல், 'உடைக்கிறது' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது என்று காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பெரியப்பா இக்கெம் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "கேட்டீங்களா டாக்டர்? பெத்தவ பேசற பேச்சா இது?"

"முட்டிக்குக் கீழ எலும்பை வெட்டி, நேராக்கி, மாவுக்கட்டுப் போடணும். அதுக்குப் பேரு உடைக்கிறதுதான். பூசி மெழுக எனக்குத் தெரியாது" என்றாள் ஒகேச்சி.

மூன்று வயதுக் கம்சி அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை உருட்டி விடலாம். ஆபரேஷனுக்காக விடியற்காலையிலிருந்து பட்டினி. "அகாமு... அகாமு..." என்று கஞ்சி கேட்டு அழுதபடி, ஆடி ஆடிக் கதவு வரை நடந்தான். நர்ஸ் திருப்பி விட்டாள். மறுபடியும் கதவுக்கே போனான்.

"நடையைப் பாருங்க!" இக்கெம்முக்கு முகம் மலர்ந்தது. "ஒம்போது மாசத்துல எழுந்து நடந்தவன். தெருவே கூடி நின்னு பார்த்துச்சு. இந்த வில்லுக்கால் எங்க பரம்பரை அழகு. இந்தக் காலைக் காட்டித்தான் எங்க அப்பா நாலு பொண்டாட்டி கட்டினார்."

நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாலு பேரும்தான் கடைசிக் காலத்துல அவரைக் கட்டிலோட தூக்கினாங்களாமே? முட்டி தேஞ்சு போய்?" என்றாள் ஒகேச்சி.

"வாயைப் பாரு! அவங்க வீட்டுலயே இவதான் முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ. அந்தத் திமிரு."

டாக்டர் அனேனே கடிகாரத்தைப் பார்த்தார். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. தியேட்டர் தயாரா இருக்கு. சின்னதுலயே செஞ்சா ஒரு தடவையோட நேராகிடும். நாலு வயசைத் தாண்டிட்டா வெட்ட வெட்டத் திரும்ப வளையும். இன்னைக்கு விட்டா, அடுத்த இடம் கிடைக்கறதுக்குள்ள இவனுக்கு நாலு தாண்டிடும்."

"அப்ப இவனை உள்ள தூக்கிட்டுப் போங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"உன் கையெழுத்து போதாதும்மா. பிள்ளை எந்த வீட்டுதோ, அந்த வீட்டுப் பெரிய ஆம்பளை போடணும். சட்டம் ஒண்ணும் இல்ல, எங்க பாதுகாப்புக்குத்தான். போன மாசம் தாயோட கையெழுத்தை நம்பி ஒரு குழந்தைக்குச் செஞ்சோம். தாத்தா ஆளோட வந்து கண்ணாடியெல்லாம் நொறுக்கிட்டுப் போனார்."

ஒகேச்சி போனை எடுத்தாள். குழந்தையின் அப்பா உச்சே லாகோஸில் இருந்தான்.

"உச்சே, எல்லாரும் கேட்கிற மாதிரி போட்டிருக்கேன். 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவர் சொல்றதுதான்."

"உன் பிள்ளைடா!"

"ஹலோ? ஹலோ? சிக்னல் சரியில்ல ஒகேச்சி..."

போன் அடங்கியது. கம்சி கால் பின்னி விழுந்தான். அவனைத் தூக்க ஓடிய நர்ஸிடம், வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்து, "அடுத்த குழந்தையை உள்ள எடுத்துடலாமான்னு கேட்கறாங்க" என்றது.

"ஒரு நிமிஷம்." டாக்டர் இக்கெம் பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேட்கிறேன், பெரியவரே."

இக்கெம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க வீட்டுப் பிள்ளை. எங்க வீட்டுக் கால். கத்தி படாது. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கா?" என்றாள் ஒகேச்சி.

"இருக்கு."

"நமக்குத் தோதா இல்லைன்னா மாத்திக்க முடியாதா?"

"உங்க அப்பனே வந்து நின்னாலும் முடியாது!"

அவள் குனிந்து கம்சியைத் தூக்கிக்கொண்டாள். "அப்பா வந்துதான் இருக்கார், டாக்டர். விடிஞ்சதுலேருந்து வெளிய பெஞ்சில உட்கார்ந்திருக்கார். கையெழுத்து அவர் போடுவார்."

இக்கெம் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணைக் கட்டிக் குடுத்த மனுஷனுக்கு எங்க பிள்ளை மேல என்ன உரிமை?"

"கட்டிக் குடுத்தாரா?" கதவருகே அவள் நின்றாள். "இந்த அறுவடை முடியட்டும், அடுத்த கிறிஸ்துமஸ் வரட்டும்னு தள்ளித் தள்ளிப் போட்டது நீங்கதானே? பரிசப் பணமும் கல்யாணக் கள்ளும் எங்க அப்பா வாசலுக்கு இன்னும் வந்து சேரலை. பரிசம் போடாத பொண்ணு பெத்த பிள்ளை அவ அப்பன் வீட்டுப் பிள்ளை. உங்க சம்பிரதாயம்தான்."

பதிலுக்குக் காத்திராமல், அழுகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் வெளியேறினாள். டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.