முன்னால் வந்த தேதி

ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்த பிறகும் உருத்திரமூர்த்தி அதன் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தான். பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்றால் எந்தப் புருஷனும் பதறத்தான் செய்வான் என்று அனுசூயா நினைத்துக்கொண்டாள்.

அகதிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் அந்த வீட்டின் பனி உறைந்த இரும்புப் படிகளில் ஏறி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அரசாங்க மெடிக்கல் கார்டு இல்லாதவர்களுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுக் கெஞ்சுவதுதான் அவள் வேலை. சம்பளம் கிடையாது, நன்றி எப்போதாவது கிடைக்கும். ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் முழுசாகவும் பொறுமை பாதியாகவும் போய்விட்டிருந்தன.

கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

“கவனமாப் பாருங்கோ அக்கா. இதின்ர கொப்பி ஒண்டு லோயரிட்டயும் குடுத்திருக்கு,” என்றான் உருத்திரமூர்த்தி.

அகதிக் கேஸ் தள்ளுபடியானவர்கள் மளிகைக்கடை ரசீதைக்கூட நகலெடுத்து வக்கீலிடம் கொடுப்பார்கள். அனுசூயா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பித்தப்பை ஆபரேஷனுக்குக் கடிதத்தில் போட்டிருந்த தேதி வரும் நவம்பர் பதினான்கு. இப்போது பிப்ரவரி; இன்னும் ஒன்பது மாதம்.

சோபாவில் குணேஸ்வரி வலது விலாவை அமுக்கிப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். போன கோடையில் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதோடு அவளுடைய வைத்திய வசதியும் நின்றுபோயிருந்தது. பித்தப்பைக் கல் நழுவிக் குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் பிரெஞ்சில் சொன்னதை அனுசூயாதான் தமிழில் சொன்னாள். சொன்ன நாளிலிருந்து அவளுக்கே சரியாகத் தூக்கம் இல்லை.

“இந்தத் தேதியை மறந்துடுங்க,” என்றாள். “வர்ற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஒருத்தங்க வரலேன்னுட்டாங்க, அந்த இடத்தை நமக்குக் கொடுத்துட்டாங்க. டாக்டர் ஃபீஸே வேண்டாம்னுட்டார். ஆஸ்பத்திரிச் செலவை சர்ச்சுல பாத்துக்கறாங்க.”

பதினோரு வாரம் ஃபேக்ஸும் போனுமாகப் போராடியிருந்தாள். தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லி இவர்கள் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று அவளாகவே எடுத்துச் செய்தாள். இந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே வெற்றி இது. அந்த முகங்கள் மலர்வதைப் பார்க்கத்தான் போனில் சொல்லாமல் நேரில் வந்திருந்தாள்.

முகங்கள் மலரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேந்து செய்யேலாதோ அக்கா?” என்றான் உருத்திரமூர்த்தி.

“அப்புறம்னா எப்போ?”

“அந்த நவம்பரே இருக்கட்டுமே. இவள் சமாளிப்பாள்.”

சமாளிப்பாளாம். அனுசூயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன், உங்களுக்கு லீவு கிடைக்காதா? சென்ட் லோரன்ட் ஃபாக்டரிக்குத்தானே போறீங்க? நான் பேசறேன் அவங்ககிட்ட.”

“லீவுப் பிரச்சினை இல்லையக்கா.”

“அப்போ பயமா? தினம் பத்துப் பேருக்குப் பண்ற ஆபரேஷன். பொண்டாட்டி இப்படித் துடிக்கறா, நீங்க நவம்பர்ங்கறீங்க.”

அவன் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே மகள் சாம்பவி பிரெஞ்சுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஊரில் நடக்கும் யுத்தச் செய்தியோடு தமிழ்ப் பத்திரிகை ஒன்று மடங்கிக் கிடந்தது.

“நவம்பர் இனிமே இல்லை,” என்றாள் அனுசூயா. “அதை வேற யாருக்கோ கொடுத்தாச்சு. செவ்வாய்க்கிழமைதான்னு நானே கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பிட்டேன்.”

உருத்திரமூர்த்தி எழுந்துபோய் மகளின் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். திரும்பி வராமல் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றான். கோபப்பட்டுவிட்டோமே என்று அனுசூயாவுக்கு வருத்தமாக இருந்தது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து குணேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா பயம்? என்கிட்ட சொல்லு.”

குணேஸ்வரி வலியை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

“ஒப்பரேசன் முடியும் வரைக்கும்தானக்கா இமிகிரேசன்காரர் எங்களை ஊருக்கு அனுப்பாமல் இஞ்ச இருக்க விட்டிருக்கினம்.”