லாரிக்குப் பின்னால் ஒரு சாட்சி

“ரிவர்ஸ் எடுத்துத்தான் சார் ஏத்துனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

இப்படிச் சொன்னவர் நான்காவது ஆள். பைக் மோதியபோது அந்த ரோட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது. பத்து நிமிஷத்தில் சாட்சிகள் மட்டும் எங்கிருந்துதான் முளைத்தார்களோ.

டிப்பர் லாரி வீரமுத்து, எஸ்.ஐ. நடராசனின் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றான். அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்தவன், குறுக்கே மயில் ஓடியதால் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தான். பின்னால் வந்த பைக் அப்படியே வந்து மோதிவிட்டது. ஓட்டி வந்தவருக்குக் கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் இன்னும் மயக்கம் தெளியவில்லை.

“நிறுத்துன வண்டியில அவருதான் சார் வந்து இடிச்சாரு.” வீரமுத்து ஏழாவது தடவையாகச் சொன்னான். லாரிக்காரன் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

எஸ்.ஐ. எழுந்து வெளியே வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தார். டயர், விளக்கு, நம்பர் பலகை எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம்.

“இன்னிக்குத்தான் பூசையா?”

“ஆமாங்க சார். வெள்ளிக்கிழமைல்ல, காலையில சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம்.”

“பூசை போட்ட அன்னிக்கே ஒருத்தன் காலை ஒடிச்சுட்டு வந்து நிக்கிற. லைசென்ஸ ரத்து பண்ணச் சொல்லி எழுதித்தான் ஆவணும்.”

வேப்பமரத்தடியில் நின்ற அவன் மனைவி சுகன்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லைசென்ஸ் போனால் அவ்வளவுதான். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு ஒரு வேலையும் தெரியாது.

வீரமுத்துவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நேற்றுச் சாயங்காலம் மாட்டியது, பதற்றத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது.

“சார், பின்னாடி கேமரா இருக்கு சார்.”

சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்காவது ஆளுக்கு உடனே வீட்டில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

“எங்கய்யா இருக்கு? கண்ணுக்கே தெரியல.”

“நம்பர் பலகைக்கு மேல, சட்டை பட்டன் அளவுதான் சார். வெளிய தெரிஞ்சா புடுங்கிட்டுப் போயிருவாங்க. வயரு பூரா சேஸிஸுக்கு உள்பக்கமா, பிரேக் ஓஸோட சேத்துக் கட்டியிருக்கு. மாட்டுனவனையும் எம் பொண்டாட்டியையும் தவிர யாருக்கும் தெரியாது.”

எஸ்.ஐ.யின் முகம் கொஞ்சம் இளகியது. “நீ சொல்றது அதுல இருந்துச்சுன்னா, இப்பவே உன்னை வூட்டுக்கு அனுப்பிடுறேன். மாட்டுனவனைக் கூப்பிடு.”

எலக்ட்ரீஷியன் மணிவேல் லேப்டாப்போடு வந்து சேர்ந்தான். டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியில் ஒளித்து வைத்திருந்த பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்தான். “பயப்படாதண்ணே, எல்லாம் பதிஞ்சிருக்கும்” என்றான். வீரமுத்து காலையிலிருந்து முதல்முறையாக ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

உள்ளே மேஜைமேல் லேப்டாப் திறந்தது. மோதிய நேரத்தைத் தேடி மணிவேல் ஓடவிட்டான்.

திரை முழுக்க ஒரே சிவப்பு. ரோடும் இல்லை, பைக்கும் இல்லை.

“என்னய்யா இது?”

மணிவேல் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். “நேத்து நானே டெஸ்ட் பண்ணுனேன் சார், பளிச்சுனு தெரிஞ்சுது. இன்னிக்குக் காலையில ஏழரை வரைக்கும்கூட நல்லாத்தான் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல சார்.”

வீரமுத்து அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். இனி எட்டாவது தடவை சொல்ல அவனிடம் தெம்பில்லை.

எஸ்.ஐ. பேனாவைக் கையில் எடுத்தார். வாசலில் நின்ற சுகன்யா மெல்ல உள்ளே வந்தாள்.

“சார், அதுக்கும் ஒரு பொட்டு நாந்தாங்க வச்சேன்.”